ரங்கெலின் முதல் நாரை

"நீ பள்ளிக்கூடத்தை விட்டு நின்ன வருஷம் நாரையை எப்படிப் பாத்தே? பறந்துச்சா, நின்னுச்சா?"

பெனா அத்தை ஒருமுறை என்னிடம் கேட்டாள். ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று ஊரே துளைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"நின்னுச்சு," என்றேன்.

"அதானே," என்று போய்விட்டாள்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் கிடையாது. வசந்தத்தில் முதலில் கண்ணில் படும் நாரை பறந்தால் அந்த வருஷம் ஓட்டம், வேலை, பயணம். நின்றால், நிற்க வேண்டியதுதான். மார்ச் பிறந்ததும் மணிக்கட்டில் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிற்றை நாரையைப் பார்க்கும்வரை யாரும் அவிழ்ப்பதில்லை.

இந்த வருஷம் அத்தை தன் மகன் ரங்கெலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சதுப்புக்கு வந்தாள். அவன் கண்களை அவளுடைய பூப்போட்ட தலைத்துணி மூடியிருந்தது.

ரங்கெலுக்கு முப்பத்தெட்டு வயது.

மூடிப்போன சர்க்கரை ஆலையின் கழிவுக் குட்டைகள்தான் எங்கள் சதுப்பு. மற்றவர்கள் பழைய டயர் வீச வருவார்கள். நான் கேமராவோடு பறவைகளைப் படம் எடுக்க வருவேன். அன்று ஒரு டயருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த நாமக்கோழி என்ற நீர்ப்பறவைக்காக நாணலுக்குள் ஒளிந்திருந்தேன். அத்தை நேராக என்னிடம் வந்தாள்.

"வாயில்லாப் பொண்ணே, அந்தப் பெரிய கண்ணாடி வழியா நாரையையே பாத்துக்கிட்டு இரு. அது கிளம்புறப்ப 'இப்ப'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் இவன் கண்கட்டை அவுத்துடறேன்."

விஷயம் இதுதான். பிளோவ்திவ் நகரத்தில் அத்தையின் தம்பி நடத்தும் ரொட்டிக்கடையில் ரங்கெலுக்கு ஒரு வேலை காத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ரங்கெல் மாட்டேன் என்று சொல்லவில்லை. நாரை என்ன சொல்கிறதோ அதன்படி செய்கிறேன் என்றான். எங்கள் ஊர் நாரை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பது சோபாவில் படுத்தபடியே அவனுக்குத் தெரியும்.

குட்டை நடுவே யாரோ தள்ளிவிட்ட குளிர்சாதனப் பெட்டியின் மேல் நாரை நின்றது. ஒற்றைக் காலில்.

"என்ன பண்ணுது?" என்றான் ரங்கெல்.

"நிக்குது," என்றாள் அத்தை.

"நல்ல பறவை."

அத்தை கை தட்டினாள். உஸ் உஸ் என்று விரட்டினாள். ஒரு மண்கட்டியை எறிந்தாள். நாரை காலை மாற்றிக்கொண்டது.

"அம்மா, பசிக்குது."

"பறந்ததும் சாப்பிடலாம்."

"பறக்கலைன்னா?"

"வாயை மூடுடா."

வெயில் ஏறியது. நாமக்கோழி ஒருமுறை எழுந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தது. கண் கட்டப்பட்டிருந்த ரங்கெல் நின்றவாக்கிலேயே லேசாகக் குறட்டை விட்டான். அத்தை நாரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பறப்பதற்கு முன் நாரை எச்சமிட்டுவிட்டு உடம்பை முன்னால் சாய்க்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்த பாடம் அது.

எச்சமிட்டது. சாய்ந்தது.

இறக்கைகள் விரிந்தபோது வெயில் அவற்றுக்குள் புகுந்து வந்தது. சிவந்த கால்கள் பின்னால் நீண்டன. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விரல் மட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

அத்தை அப்போது பார்த்து அடுத்த மண்கட்டிக்குக் குனிந்திருந்தாள்.

கேமராவின் சடசடப்பைக் கேட்டு நிமிர்ந்தவள் பாய்ந்துபோய்த் துணியை உருவினாள். அதற்குள் நாரை ஒரு வட்டமடித்து எங்களுக்கு எதிரிலேயே கரையில் இறங்கிவிட்டது.

ரங்கெல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். நாரையும் அவனைப் பார்த்தது. நின்றபடி.

"நின்னுச்சும்மா. நான் என்ன பண்றது?" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

நான் கேமராவை அத்தையிடம் நீட்டினேன். திரையில் நாரை இறக்கை விரித்துப் பறந்துகொண்டிருந்தது.

"படமெல்லாம் செல்லாது," என்றான் ரங்கெல்.

"செல்லாதுதான்," என்றாள் அத்தை.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் அவசரமே இல்லாமல் தன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கும் நின்னுதான்டா இருந்துச்சு. வந்ததுலேர்ந்து அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

முட்டையில்லாத டயராகப் பார்த்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தாள். எனக்கும் ஒரு பிடி தந்தாள்.

ரங்கெல் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"சரி, வா போலாம். வீட்ல பீன்ஸ் சூப் இருக்குல்ல?"

"யாரு வச்சாங்க?"

"அப்ப சாயங்காலம் வைப்பியா?"

அத்தை தோலைத் துப்பினாள். "நாரை நின்னுருச்சேப்பா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இந்த வருஷத்துலதானே வருது."

ரங்கெல் நாரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சட்டென்று நாமக்கோழியைப் படம் எடுத்தேன். அத்தை கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ரங்கெல் கரைமேல் ஏறி, பிளோவ்திவ் பேருந்து நிற்கும் பக்கமாக நடந்தான்.