பூட்டு விற்காத இரும்புக்கடை

“இன்னைக்கு ஒரு நாளாவது அந்தக் கதையைச் சொல்லாம இருங்களேன். மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார்” என்றாள் மனைவி.

“அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் பூட்டுக்காரர், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

உண்மைதான். எதிர்வரிசை இரும்புக்கடைப் பெரியவர் தொண்ணூற்றிரண்டு வயதில், கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிவிட்டார். நூலகத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். வெள்ளம் வந்த வருஷம் கடையிலிருந்த கயிறு முழுவதையும் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும், “யார்கிட்டயாவது ஒரு முழம் கயிறு இருந்தா குடுங்கப்பா, பொட்டலம் கட்டணும்” என்று தெருவில் கேட்டுக்கொண்டு நின்றவர். ஊரில் எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் அவர்தான் செயலாளர். வேறு யாரும் நோட்டை எடுத்து எழுத முன்வராததும் அதற்கு ஒரு காரணம்.

மாலை ஐந்து மணிக்கு அதே நூலகத்தில் நினைவுக் கூட்டம்.

அவ்வளவு பெரிய மனிதரிடம் ஊர் கண்ட குறை ஒன்றே ஒன்று. அவருடைய இரும்புக்கடையில் பூட்டு கிடையாது.

ஆணி உண்டு, கீல் உண்டு, தாழ்ப்பாள்கூட உண்டு. பூட்டு கேட்டால் மட்டும் தலையை ஆட்டுவார்.

“நம்மகிட்ட இல்ல. எதிர்ல நல்ல கடை இருக்கு, போய்ப் பாருங்க.”

அந்த நல்ல கடையை வைத்துத்தான் பூட்டுக்காரர் நாற்பது வருஷம் ஓட்டினார். ஆலை மூடி வேலை போய் இந்த ஊருக்குப் புதிதாக வந்தபோது மனைவியின் வளையல்களை விற்றுத் தொடங்கிய கடை. இரண்டு பெண்கள் படித்ததும் வீட்டுக்கு மாடி ஏறியதும் அதில்தான். கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்தவர் யார்? சாட்சாத் இரும்புக்கடைப் பெரியவர்! இருப்பதிலேயே பெரிய பூட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

“இரும்புக்கடை முதலாளியே நம்மகிட்ட வந்து பூட்டு வாங்குறார்னா, அவர் பண்ற யாவாரம் எந்த லட்சணத்துல இருக்கும், பார்த்துக்குங்க!”

இதுதான் கதை. பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டே சொல்வார். ஊர் சிரிக்கும். பெரியவரும் சேர்ந்து சிரிப்பார்.

வாசலில் பெரியவரின் மகள் வந்து நின்றாள்.

“மாமா, ஒரு உதவி. கடைக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையைத் திறக்கணும். சாவி எங்கன்னே தெரியல. அப்பா யாரையும் அந்தப் பக்கம் விட்டதே இல்ல.”

பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றது. எவ்வளவு நல்ல மனிதனாக இருந்தால் என்ன, பூட்டி வைக்க ஏதோ ஒன்று இருந்திருக்கிறதே! கம்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடியில் ஆணியால் கீறிய ‘1’. முதல் விற்பனை என்று அவர் கையாலேயே கீறியது.

“நம்ம சரக்கும்மா! நாப்பது வருஷமாச்சு, துரு ஏறியிருக்கா பாரு. கூட்டத்துல இதையும் சேர்த்துச் சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க மாமா. அப்பாவுக்கு அந்தக் கதைன்னா ரொம்பப் பிடிக்கும்.”

கம்பியை இரண்டு திருப்பு திருப்பினார். பூட்டு வாயைத் திறந்தது. மகள் உள்ளே போய் ஜன்னலைத் தள்ளினாள்.

பணம் இல்லை, பத்திரம் இல்லை. சுவர் முழுக்க மரத்தட்டுகள். தட்டு நிறையச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள்.

ஒன்றைப் பிரித்தார். பூட்டு.

இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் பூட்டுதான். அலமாரிக்கு, பெட்டிக்கு, வாசற்கதவுக்கு என்று வகைவகையாக, எல்லாவற்றிலும் பெரியவர் கையெழுத்தில் விலைச் சீட்டு.

“என்ன மாமா இது? அப்பாதான் பூட்டே விக்க மாட்டாரே?”

பூட்டுக்காரர் பொட்டலம் சுற்றியிருந்த தாளை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு சின்ன விளம்பரம். ‘நாளை முதல் இரும்புக்கடைக்கு எதிரில் புதிய பூட்டுக்கடை. அனைவரும் வருக.’

அவர் கொடுத்த விளம்பரம். அதற்கே ஒரு வளையல் போயிற்று.

ஆணிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் பெரியவர் கூடவே சிரித்ததை நினைத்தபோது அழுகை வந்தது.

“தண்ணி கொண்டு வரட்டுமா மாமா?”

“வேண்டாம்மா. மணி என்ன?”

“அஞ்சாகப் போகுது.”

நூலகத்தில் நிற்கவும் இடமில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார்.

“அடுத்து நம்ம பூட்டுக்காரர். அந்தக் கதையைச் சொல்லாம அவரை இறங்க விடப்போறதில்ல!”

கூட்டம் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பூட்டுக்காரர் மேடையேறி, பையிலிருந்த அந்தப் பெரிய பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“இந்த ஊர்ல பூட்டு விக்கிற கடை என்னுது ஒண்ணுதான்னு நாப்பது வருஷமா பெருமையடிச்சுக்கிட்டேன்” என்றார். “நான் கடை திறக்கிறேன்னு தெரிஞ்சதும், பெரியவர் தன்கிட்ட இருந்த பூட்டையெல்லாம் எடுத்து ஒரு அறையில வெச்சுட்டாருங்க.”

சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அந்த அறைக்குப் போட்ட பூட்டையும், என்கிட்டதான் காசு குடுத்து வாங்கினார்.”