திட்டத் தெரியாத தோழர்

அவர் மறுபடியும் தட்டைக் கழுவினார்.

தன்னுடையதை மட்டுமல்ல. அவளுடையதையும்.

வாசலில், பட்டப்பகலில், லைன் வீடுகள் மொத்தமும் பார்க்க.

பக்கத்து வீட்டு மாராத்தாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

“உங்க ஊட்டுக்காரருக்கு எந்த ஊருங்க அம்மணி? அந்த ஊர்ல எங்களுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க.”

குழாயடியே சிரித்தது.

அவளும் சிரித்தாள். உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள்.

அவர் அவள் வீட்டுக்காரர் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்த பிறகு அவரை ஒளித்துவைக்கக் கோயமுத்தூரில் ஒரு வீடு தேவைப்பட்டது. வீடு கிடைக்க ஒரு மனைவி தேவைப்பட்டாள். மதுரையில் மில் சங்கத்தில் இருந்த அவளைக் கட்சி அனுப்பியது.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கட்சி எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருந்தது. மீசையை எடுக்கச் சொன்னது. பெயரை மாற்றச் சொன்னது. திருநீறு பூசச் சொன்னது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதையும் பூசினார்.

தட்டைக் கழுவாதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கட்சி அலுவலகத்தில் சாப்பிட்டு வளர்ந்த ஆள். அங்கே தலைவரானாலும் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். முதலில் எழுகிறவர் பக்கத்துத் தட்டையும் எடுத்துக்கொண்டு போவார். இத்தனை வருஷத்துப் பழக்கம், சொன்னால் கை கேட்குமா?

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். இரண்டே பேர். அவர் தலைமை. அவள் தீர்மானம் கொண்டுவந்தாள். புருசன் என்றால் ஊரில் இருக்கிற புருசன் மாதிரி இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அவளைத் திட்ட வேண்டும்.

ஏகமனதாக நிறைவேறியது.

திட்டத்தான் வரவில்லை.

தொண்டையைச் செருமினார். எழுந்து நின்றார். கையை உயர்த்தினார்.

“ரசத்தில் உப்பு குறைவு என்பதை ஒரு விமர்சனமாக வைக்கிறேன்.”

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். இந்த மனுசனைப் பிடிக்கவா இத்தனை போலீஸ் அலைகிறது? அவரை அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெட்டியில் ஏற்கெனவே, சேலைகளுக்கு அடியில், துண்டறிக்கை உருட்டும் யந்திரம் இருந்தது.

பிடித்தால் அவரை உயிரோடு விடமாட்டார்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சுவரைக் காட்டினாள்.

கூரைவரை எட்டாத சுவர். அந்தப் பக்கம் மாராத்தாளின் புருசன் ஆறுச்சாமி சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் லைன் முழுக்கக் கேட்கும்.

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஆனாலும் பாடம் கேட்கிற பையன் மாதிரி உதடு அசைந்தது.

மறுநாள் அதே நேரம், ஆறுச்சாமியின் வசவைச் சொல் மாறாமல் ஒப்பித்தார்.

“உங்கப்பன் ஊட்டுச் சோறாடி இது? தின்னு தின்னு மதம் புடிச்சுக் கெடக்கறயா?”

அவள் தானே ஒரு சட்டியைத் தட்டிவிட்டாள்.

உடனே அவர் குனிந்து அவள் காதருகே, “மன்னிச்சிருங்க தோழர்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்தப் பக்கம் ஆறுச்சாமி அப்போதுதான் ஏதோ கத்த ஆரம்பித்திருந்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

காலையில் குழாயடியில் மாராத்தாள் கிண்டல் பண்ணவில்லை. இவள் கையைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு தடம் இல்லை. தன் குடத்தை நகர்த்தி இவள் குடத்துக்கு இடம் விட்டாள்.

அந்த வாரமே போலீஸ் வந்தது.

பின்வாசல் இல்லாத வீடு. அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றாள்.

ஏட்டு மாராத்தாளை நிறுத்தினார். பெண்டாட்டி தட்டைக் கழுவுகிற ஒருத்தன் இந்த லைனில் இருக்கிறானாமே, கம்யூனிஸ்டாம், உன் பக்கத்து வீட்டுக்காரன்தானா என்று கேட்டார்.

மாராத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“பக்கத்து ஊட்டு ஆளா? ஒரு சொம்புத் தண்ணி தானா மோந்து குடிக்க மாட்டான் ஏட்டய்யா. சோத்துல ஒரு கல்லு கெடந்தாச் சட்டி பறக்கும். போன நோம்பிக்குக் கைய முறுக்குனதுல அந்தப் புள்ள ஒரு மாசம் எடது கையிலயேதான் சோறாக்குச்சு. கம்யூனிஸ்டாமா, கம்யூனிஸ்டு! அப்படி ஒருத்தன் இருந்தாக் காட்டுங்க, நானே போய்க் கும்புடறேன்.”

போன பண்டிகைக்கு அவர்கள் இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை.

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பொம்பளை பேச்சு. ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, உன் பொண்டாட்டி சொல்றது நெசமா?”

அவனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. மாராத்தாள் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நேராகப் பார்த்து லைனில் யாரும் கண்டதில்லை.

கதவுக்குப் பின்னால் இவள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும்.

ஆறுச்சாமி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“நெசந்தானுங்க.”

பிறகு, யாரும் கேட்காமலே, “பாவமுங்க அந்தப் புள்ள,” என்றான்.

சொல்லும்போது அவன் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. போலீஸ் அடுத்த லைனுக்குப் போன பிறகும் துண்டைத் தோளில் போடாமல் அங்கேயே நின்றான்.