ஈறோரம் ஒரு வெள்ளை

"இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க. கன்னத்தை இழுத்தாத்தானே தெரியும்?"

"ஆ..."

மனைவி ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் அவர் கன்னத்தை ஓரமாக இழுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த போட்டோகிராபர் அவள் கையை விலக்கினார்.

"என்ன, இருக்கா, போயிடுச்சா? எதையாவது சொல்லேன்!"

"இருக்குங்க."

"பெரிசாயிருக்கா?"

"அப்படியேதான் இருக்கு." டார்ச்சை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்து வந்து இன்றோடு ஐந்து நாள். எல்லாம் ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு வாண்டால் வந்த வினை. "எங்கே, கொஞ்சம் சிரி கண்ணு" என்று இவர் பல்லைக் காட்ட, "அங்கிள், உங்க பல்லு ஏன் இவ்ளோ மஞ்சள்?" என்று அது கேட்டுத் தொலைத்தது. மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே பல் டாக்டரிடம் போய்ப் பல்லை வெளுக்க வைத்துக்கொண்டு வந்தார். பல் என்னவோ பளிச்சென்றுதான் ஆனது. ஆனால் வீட்டுப்படி ஏறுவதற்குள் மேல் வரிசை ஓரத்தில் ஈறு காந்த ஆரம்பித்தது. மனைவி பார்த்தபோது அங்கே அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று.

"போன்ல படம் எடுத்துக் காட்டட்டுமா?" என்றாள்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! பாத்தா அங்கேயே விழுந்துடுவேன். நீயே பாரு, நீயே சொல்லு."

பார்க்கிறவர் பல்லையெல்லாம் படம் எடுக்கிற மனுஷனுக்குத் தன் வாயைப் பார்க்கத் தைரியம் இல்லை. என்னத்தைச் சொல்ல!

அன்றே திரும்ப ஓடியபோது டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "மருந்து ஈறுல லேசா பட்டிருக்கு. சிலருக்கு இப்படி வெளுத்து எரியும். ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும். பத்து நாள் ஆகியும் போகலன்னா வாங்க, துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாத்துடலாம். அதுவரைக்கும் சூடு, காரம், சிகரெட் எதுவும் கூடாது."

இவ்வளவு சொன்னதில் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது 'டெஸ்ட்' என்ற ஒரே வார்த்தைதான்.

"எங்க அண்ணனுக்கும் முதல்ல வாயில இப்படி ஒரு வெள்ளையாத்தான் வந்துது" என்று வழியெல்லாம் புலம்பினார். "புத்துநோய்னாங்க. ஏழே மாசம். எலும்பும் தோலுமா ஆகி, போயே போயிட்டான்."

அன்றிலிருந்து ஆறிப்போன சோறு, ஆறிப்போன பால். காரம் இல்லை, சிகரெட் இல்லை, பேச்சில்லை. ஸ்டூடியோவில் யாரையும் "சிரிங்க" என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. "நேரா பாருங்க, போதும்" என்றார். அந்த வாரம் படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் போலீஸ் தேடுகிற ஆட்கள் மாதிரி இருந்தார்கள்.

ஏழாம் நாள் காலை மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போனவர் அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"எங்கிட்ட மறைக்காதே. பெரிசாயிடுச்சா?"

"இல்லீங்க."

"என் மேல சத்தியமா?"

"உங்க மேல சத்தியமா பெரிசாகல." ஆனால் அவர் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னாள். "எரியுதா?"

"எரியிற மாதிரியும் இருக்கு, எரியாத மாதிரியும் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்ஷூரன்ஸ் பேப்பர் பீரோ மேல்தட்டுல இருக்கு. ஸ்டூடியோவை வித்துடாதே, வாடகைக்கு விடு. உன் ஒருத்திக்குப் போதும்."

"வாயைக் கழுவுங்க! என்ன பேச்சு இது?" என்று கத்தியவள், அவர் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். தன் முடிவு தெரிந்துவிட்டது என்று அவரும் சேர்ந்து அழுதார்.

பத்தாம் நாள் கிளினிக்கில் இவர்கள்தான் முதல் ஆள். உள்ளே கருவிகளைத் தட்டில் எடுத்து வைக்கும் சத்தம் கேட்கக் கேட்க அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"நீங்க இங்கேயே இருங்க" என்றாள் மனைவி. "நான் முதல்ல போய் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு வந்தபோது அண்ணியும் இப்படித்தான் டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசினாள்.

மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, அந்த வெள்ளை இன்னுமா போகல?"

"அது மூணாம் நாளே போயிடுச்சு டாக்டர். நான்தான் இருக்கு இருக்குன்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அடப்பாவமே! பயத்துலயே மனுஷன் பாதியா இளைச்சிருக்காரே. ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இருபத்திரண்டு வருஷமா கெஞ்சிப் பாத்துட்டேன், சண்டை போட்டுப் பாத்துட்டேன், அவங்க அண்ணன் செத்தன்னிக்குக் காலைப் பிடிச்சுக்கூட அழுதேன். ஒரு நாள் கூட சிகரெட்டை விடாத மனுஷன், இந்தப் பத்து நாளா அதைத் தொடல டாக்டர்... இன்னும் ஒரே ஒரு மாசத்துக்கு அந்த வெள்ளை அங்கேயே இருக்குன்னு சொல்லிடுங்க!"