தீப்பிடித்தால் எப்படி ஓடுவது?

"இதைப் பாருங்க மேடம். நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க!"

டோலெந்தினோ கம்ப்யூட்டரை ரோவேனா பக்கம் திருப்பினார். மணிலாவில் அந்த பிஸ்கட் கம்பெனியின் பாதுகாப்புப் பயிற்சி முழுக்க அவர் பொறுப்பு. ரோவேனா வீடியோப் பிரிவின் தலைவி.

திரையில் தாவாவ் கிளையின் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததுமே ஊழியர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முட்டியைத் தூக்கித் தூக்கிக் குதித்தபடி வெளியே வந்தார்கள். வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து துடைப்பக் கழிகளைத் தரையில் தட்டித் தட்டிச் சேர்த்தார்கள். நடுவில் கால் மாட்டாமல் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

"நம்ம ஊர் மூங்கில் டான்ஸ், டினிக்லிங் ஆடறாங்க மேடம்! தீப்பிடிச்சா டான்ஸாம்!"

ரோவேனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அந்த மேனேஜர் குளோரிஃபே ரொம்ப சாதுவாச்சே சார்?"

"சாதுவா? போன் பண்ணிக் கேட்டேன். 'நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் சார் செஞ்சோம்'னு எனக்கே பதில் சொல்றாங்க. என்ன கொழுப்பு! பட்டுனு போனை வெச்சுட்டேன்."

"அவங்க பொண்ணு இப்பதான் நர்சிங் சேர்ந்திருக்கு சார்..."

"ஆடறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும். நாளைக்குக் கூட்டத்துல சேர்மன்கிட்ட சொல்லி அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பறேன். நம்ம பயிற்சி வீடியோவை முதல்ல போடுங்க, அப்புறம் இந்தக் கூத்தைப் போடுங்க. கம்பெனியில கடைசி ஆள் வரைக்கும் அந்த வீடியோவைப் பார்த்து முடிச்சாச்சுன்னு எனக்குக் கேடயமே குடுத்திருக்காங்க. நானே ரெண்டு தடவை பார்த்தேன்!"

ரோவேனா தன் அறைக்குத் திரும்பினாள். அத்தனை கிளைகளின் வீடியோக்களையும் கட்டி மேய்ப்பது மூன்றே பேர். அதிலும் ஒருத்தி பிரசவ விடுப்பில். கிளைக்காரர்களோ வாய்க்கு வந்த பெயரை வைத்து அனுப்புவார்கள். செபு கிளை இன்னும் மோசம். அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டார்களோ அதுதான் வீடியோவுக்குப் பெயர்.

பயிற்சி வீடியோவைத் திறந்த அவள் உதவியாளன் ஜெப், "அக்கா, சீக்கிரம் வாங்களேன்" என்றான்.

எட்டிப் பார்த்த ரோவேனா அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மாத்தி ஏத்திட்டோம் அக்கா. இப்பவே சரி பண்ணிடட்டுமா? யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா நம்ம பிரிவையே இழுத்து மூடிடுவாங்க."

ரோவேனாவுக்கும் அந்த ஆசை வரத்தான் செய்தது.

"வேணாம்டா. இதை மாத்தினா அந்தம்மா வேலை போயிடும். அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் கூட்டத்தில் சேர்மனும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தாவாவிலிருந்து குளோரிஃபே ஒரு சின்னத் திரையில் தெரிந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"முதல்ல நாம சொல்லிக் குடுத்தது" என்று மிடுக்காகச் சொன்னார் டோலெந்தினோ. "போடுங்க மேடம்."

ரோவேனா போட்டாள்.

பெரிய திரையில் தீயணைப்பு வண்டியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. ஒரு ஓட்டல் கூடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூங்கில்களுக்கு நடுவே துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

"அட, நானு!" என்றார் சேர்மன். ரோவேனா எழுந்து நின்றாள்.

"உங்க பிறந்தநாள் சார். செபுவில அதே நாள்லதான் தீ விபத்துப் பயிற்சியையும் படம் எடுத்தாங்க. அன்னிக்கு மதியம் பன்றி வாட்டுனாங்களாம். ரெண்டு வீடியோவுக்கும் 'லெச்சோன்'னே பேரு வெச்சு அனுப்பிட்டாங்க. திறந்து பார்க்காம நாங்க மாத்தி ஏத்திட்டோம். தப்பு எங்களுதுதான் சார். ஜனவரியிலேருந்து பயிற்சின்னு இதுதான் ஓடுது."

"ஜனவரியிலேருந்தா? எல்லாரும் பார்த்து முடிச்சாச்சுன்னுதானே கேடயம் குடுத்தோம்? ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே?"

பிரிவுத் தலைவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. டோலெந்தினோ மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

சின்னத் திரையில் குளோரிஃபே தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"சார், நாங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து பார்த்தோம். தரை கொதிக்கும், கால் அதிகம் படக்கூடாது, அதான் சேர்மனே குதிச்சுக் காட்டறாருன்னு நினைச்சோம். ஹெட் ஆபீஸ் ஒத்திகை வீடியோவையும் அனுப்பியிருந்தீங்க, அதையும் பார்த்தோம். அதுலதான் எனக்கு ஒண்ணு புரியல சார்."

"என்னம்மா?"

"நீங்கல்லாம் ஏன் சார் நடந்து வந்தீங்க?"