வாத்து செய்ய வந்தவர்

“பூவை அப்பறம் பார்த்துக்கலாம், முதல்ல இந்த வாத்தைப் பிடிங்க!”

கதவைத் திறந்த நான்கு வயது லுஜைன் இப்படித்தான் வரவேற்றாள். வாசலில் நின்றவரின் ஒரு கையில் ரோஜாப் பூங்கொத்து, மறு கையில் பஸ்பூஸா இனிப்புப் பெட்டி. எந்தக் கையால் வாத்தை வாங்குவது என்று தெரியாமல் அவர் விழித்தார்.

“அடடே, வாங்க வாங்க! சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்களே!” லுஜைனின் தாத்தா ஹாஜி ஷௌக்கி ஓடிவந்து பூவையும் இனிப்பையும் வாங்கிக்கொண்டார்.

“நான் வந்து... வண்டியை நடுத்தெருவுல...”

“அலெக்ஸாண்டிரியாவுல யார் வண்டிதான் ஓரமா நிக்குது? கூச்சப்படாம உக்காருங்க தம்பி!”

சமையலறைத் திரைக்குப் பின்னால் லுஜைனின் அம்மா ரிஹாப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லுஜைன் நடை பழகும் முன்பே அவள் தகப்பன் காய்ச்சலில் போய்விட்டான். மறுமணத்துக்கு ரிஹாப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “எனக்குப் பிடிக்கறது அப்பறம். முதல்ல என் பொண்ணுக்குப் பிடிக்கணும்.”

முதலில் வந்த வங்கிக்காரர், கால்சட்டையில் பசை பட்டதும் கத்தினார். அடுத்து வந்தவர் ஒரு சாக்லேட்டை நீட்டி, “போய் வெளியில விளையாடு” என்றார். இன்று வருபவர் ஏதோ வியாபாரி என்று மட்டும் ரிஹாப்பின் அத்தை போனில் சொல்லியிருந்தாள். அவரை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கூடம் முழுக்கக் காகிதத் துண்டும் பஞ்சுமாகக் கிடந்தது. “நாளைக்கு ஸ்கூலுக்கு ‘பா’ எழுத்துல வாத்து செஞ்சுட்டு வரணும். பா, பத்தா!” என்றாள் லுஜைன். ‘பா’ அரபி எழுத்து; பத்தா என்றால் அரபியில் வாத்து. “ஆனா இந்த எழுத்து படகு மாதிரியே இருக்கு.” சொல்லும்போதே உதடு பிதுங்கியது.

வந்தவர் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “படகா இருந்தாத்தானே நீந்தும்? ஒரு முனையில தலையை ஒட்டு, இன்னொரு முனையில வாலை ஒட்டு. இப்ப பாரு.”

“அப்ப கீழே இருக்கற புள்ளி?”

“அது வாத்து போட்ட முட்டை!”

லுஜைன் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிக் கத்தரிக்கோலையும் பச்சைக் கம்பியையும் எடுத்தார். கம்பி வளைந்து வாத்தின் கால்களானது. மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கத்தரி முனையால் ஒரு இழுப்பு இழுத்தார். அது சுருண்டு இறகாகி நின்றது.

“தொழில் எப்படிப் போகுது தம்பி?” என்றார் ஹாஜி, மெதுவாகக் கொக்கி போட்டு.

“அல்லா புண்ணியத்துல நல்லாப் போகுதுங்க. சொந்தக் கடை.”

“கல்யாணம்னு ஒண்ணு இதுக்கு முன்னாடி...?”

“இன்னும் அமையலீங்க.” பதில் சொன்னாரே தவிர, இதெல்லாம் எதற்கு என்பதுபோல் பார்த்தார். அதற்குள் லுஜைன் அவர் காதைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மாமா, இன்னொண்ணு!”

“அதே படகு. புள்ளியைக் கீழே வைக்காம, மேலே ரெண்டா வெச்சா ‘தா’. திம்ஸா!”

“முதலை! ரெண்டு புள்ளியும் ரெண்டு கண்ணு!” என்று கூவினாள் லுஜைன். “தாத்தா, நீங்கதான் குளம். படுங்க!”

ஹாஜி மறுபேச்சில்லாமல் கம்பளத்தில் குப்புறப் படுத்துக் குளமானார். அவர் முதுகின் மேல் முதலை வாத்தைத் துரத்தியது. வந்தவர் முட்டி போட்டுத் தவழ்ந்து, “குவாக், குவாக்!” என்று அலறினார். புருவத்தில் பஞ்சு, மூக்கில் பசை. குளம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

திரைக்குப் பின்னால் ரிஹாப்பும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, காபி வேண்டாம். நான் சர்பத் கலக்கறேன்.”

குளம் துள்ளி எழுந்தது. காபி யார் வந்தாலும் கொடுப்பது. பெண் கேட்டு வந்த இடத்தில் சிவப்புச் சர்பத் வந்தால், சம்மதம் என்று அர்த்தம்.

தட்டோடு ரிஹாப் கூடத்துக்கு வந்தாள். சர்பத்தைப் பார்த்ததும் வந்தவரின் முகம் அதைவிடச் சிவந்தது.

“நான்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“குடிச்சிட்டுச் சொல்லுங்களேன்” என்றாள் ரிஹாப்.

அவர் அவளைப் பார்த்தார். தன் மடியில் ஏறி உட்கார்ந்து புருவத்துப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த லுஜைனைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சர்பத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

ஹாஜி கதவைத் திறந்தார். கோட்டு போட்ட ஒருவர், செண்டு மணக்க உள்ளே வந்தார். காலில் தட்டுப்பட்ட காகித வாத்தைச் செருப்பு நுனியால் ஒதுக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பொண்ணு பார்க்க வந்திருக்கேன். அத்தை போன்ல சொல்லியிருப்பாங்களே?”

கோட்டுக்காரர் தன் கடிகாரத்தையே மறுபடி பார்த்தார். “முன்கூட்டியே பூவும் ஸ்வீட்டும் அனுப்பிட்டேன். பூக்கடைக்காரன் கொண்டுவந்து குடுத்தானா இல்லையா?”

எல்லாக் கண்களும் தரையில் உட்கார்ந்திருந்தவர் மேல் திரும்பின. அவர் காலி கிளாஸை இறுகப் பிடித்துக்கொண்டு, “நான் அப்பவே சொல்ல வந்தேங்க, யாரும் விடலை” என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ரிஹாப் குனிந்து வாத்தை எடுத்துத் தூசி தட்டி, பூக்கடைக்காரரிடம் நீட்டினாள்.

“பூவும் வந்தாச்சு, மாப்பிள்ளையும் வந்தாச்சு!”