தொப்பியைக் கழற்றுகிறவர்

"உன் மாப்பிள்ளை வந்துட்டாரு பாரு, லொரீன்!"

மேல்மாடிக் கண்காணிப்பு அறையில் மேற்பார்வையாளர் டுவெய்ன் கேலியாகச் சிரித்தான். திரையில், அமெரிக்காவின் ரீனோ நகரில் இருந்த அந்தச் சூதாட்ட விடுதி வாசலில், கேமராவுக்கு நேர் கீழே ஆர்வில் கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே வரத் தடை செய்யப்பட்டவர்கள் முகம் தெரியாதபடி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நுழையப் பார்ப்பார்கள். இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்ப்பார். சூதாடும் மேசைப் பக்கம் போகவே மாட்டார். காவலர்கள் வந்து கையைப் பிடித்ததும் சமர்த்தாகக் கிளம்பிவிடுவார்.

ஒரு காலத்தில் அவரும் மேலே இருந்தவர்தான். அப்போது கேமரா கிடையாது. கூரைக்குள் போட்ட பலகையில் ரப்பர் செருப்போடு நடந்து, கண்ணாடி வழியாகக் கீழே ஆடுகிறவர்களின் கைகளைப் பார்ப்பது அவர் வேலை. பாவப்பட்டவன் எவனாவது ஒரு சீட்டை மறைத்தால், பார்க்காத மாதிரி நகர்ந்துவிடலாம்.

கேமரா வந்தது, வேலை போனது. ஊரார் கையைக் கண்காணித்தவருக்குத் தன் கையை அடக்கத் தெரியவில்லை. பாழாய்ப்போன சூதில் வீட்டையும் தோற்றார். அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகு அவரே வந்து, தன்னை இனி உள்ளே விடவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு படமும் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது முகத்தைக் கண்டுபிடிப்பதும் இயந்திரம்தான். பழைய படத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்தானா என்று கேட்கும்.

"எத்தன தடவதான் வெளிய அனுப்புறது? இந்தத் தடவ போலீஸ்தான். ஆமான்னு அமுக்கு, மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க." டுவெய்ன் காபி எடுக்கப் போனான்.

ஆமாம் என்றால் ஜெயில். அந்த இருமலோடு கிழவர் தாங்கமாட்டார்.

இல்லை என்றால், இயந்திரம் அதை அப்படியே நம்பிவிடும். இந்த முகத்துக்கு இனி மணி அடிக்காது. லொரீனின் திரைக்கு அவர் வரவே மாட்டார்.

லொரீன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பழைய படத்தில் கிழவரின் தோளில் ஒரு கை. குடும்பப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியிருந்தார்கள். நான்கு விரல்களும் ஒரு நீலக்கல் மோதிரமும் மிஞ்சிவிட்டன. இயந்திரம் முகத்தைத்தான் பார்க்கும், விரலைப் பார்க்காது.

அதே மோதிரம் போட்ட கையால் லொரீன் 'இல்லை'யை அழுத்தினாள்.

கீழே அவர் அண்ணாந்தபடியே நின்றார். காவலர் யாரும் வரவில்லை.

தொழில் தெரிந்தவர். காவலர் வந்தால், மேலே மகள் தன்னைப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். வராவிட்டால், அவள் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, மேசைகள் இருந்த பக்கம் நடந்தார்.