சம்பந்தி வீட்டுப் பாம்பு

பிரிஸ்பேனில் என் மகள் பிரணவியோடு படித்த பையனுக்குப் பெண் கேட்டு, அவனுடைய பெற்றோர் நியூசிலாந்தில், லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் படத்தைக் கைபேசியில் காட்டினார்கள். விரல் பட்டு அடுத்த படம் வந்தது. அவன் தோளில் ஒரு மலைப்பாம்பு.

"இது என்ன?"

"கார்பெட் பைதன், அண்ணை. அங்க லைசென்ஸ் எடுத்து வீட்டில வளர்க்கலாம்," என்றார் பையனின் தகப்பன் இராசநாயகம்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "பாம்பு வளர்க்கிற வீட்டில எங்கட பரம்பரை சம்பந்தம் வைச்சதில்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் பிரணவி.

"நீ பேசாமல் இரு. பிள்ளை வளர்க்கத் தெரிஞ்ச தகப்பன் இதுக்கு விடுவானோ?"

இராசநாயகம் சிரிக்கவில்லை. "அந்தத் தகப்பன் நான் இல்லை, அண்ணை. பாம்பு உங்கட மகளின்ர. நியூசிலாந்துக்குப் பாம்பு கொண்டுவரச் சட்டம் விடாதெண்டு, படிப்பு முடிய எங்கட பெடியனிட்ட விட்டிட்டு வந்தவ."

பிரணவி தரையைப் பார்த்தாள்.

நான் கோப்பையைத் திரும்ப எடுத்தேன்.

"அது ஒழுங்காச் சாப்பிடுதோ?" என்று கேட்டேன்.